வில்பட்டி இறக்கத்தில் ஒரு கிரீச்!

"கைப்பிடியே இல்லாத கதவை எப்படி மேடம் திறக்குறது?"

ஞானவேல் அந்தப் பச்சை நிற மின்சாரக் காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுக் கேட்டார். கொடைக்கானல் காவல் நிலையத்தின் முன்னால், பறிமுதலான இரண்டு பைக்குகளுக்கும் ஓர் உடைந்த தள்ளுவண்டிக்கும் நடுவே, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டதைப் போல நின்றிருந்தது அந்த எஸ்.யு.வி.

"கொஞ்சம் தள்ளி நின்னு மரியாதை குடுங்கண்ணே. அதுவே திறக்கும்," என்றாள் மஹ்ஜபின்.

டிரைவர் விக்னேஷ் சாவியோடு பக்கத்தில் வந்தான். கதவுக்குள் ஒளிந்திருந்த கைப்பிடி மெல்ல வெளியே நீண்டது.

"பாருங்க, என்னையப் பாத்து நாக்கைத் துருத்துது!"

விக்னேஷ் சிரிக்கவில்லை. மூன்று நாளாக அவன் எதற்கும் சிரிக்கவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் அவனைக் கைது செய்யப்போவதாக இன்ஸ்பெக்டர் வீரம்மாள் சொல்லிவிட்டார்.

மஹ்ஜபினுக்கு நாற்பத்தொரு வயது. மதுரையில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினைந்து வருடம் வாகன விபத்துகளை விசாரித்தவள். யார் பொய் சொல்கிறார்கள் என்பதை நசுங்கின பம்பரைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பெயர். இப்போது கொடைக்கானல் பஜாரில், வாப்பாவின் ஸ்வெட்டர் கடைக்கு மேல்மாடியில் ஒரு துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். ஞானவேல் அவளுடைய உதவியாளர். இருபது வருடம் டாக்ஸி ஓட்டியதில் முதுகு போய், இவளிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ஆட்களை விசாரிப்பது, வழி சொல்வது, யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வது, மூன்றும் அவர் பொறுப்பு.

வீரம்மாள் கையில் கோப்போடு வெளியே வந்தார்.

"மஹ்ஜபின், உங்களுக்காகத்தான் வண்டியை வெளிய எடுக்க விடுறேன். நானும் கூட வருவேன். சரியா?"

"தாராளமா வாங்க மேடம். கோப்புல என்ன இருக்குன்னு ஒரு தடவை சொல்லிருங்களேன். விக்னேஷ் முன்னாடியே."

வீரம்மாள் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால். பனிமூட்டம். வில்பட்டிக்காரர் தங்கமுத்து, இங்கே ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை செய்கிறவர், பஸ்ஸைப் பிடிக்க ஊரிலிருந்து மேட்டுப் பக்கம் நடந்து வந்திருக்கிறார். எதிரே, இறக்கத்தில் வந்த ஏதோ ஒரு வண்டி அவர் இடுப்பில் உரசியது. பள்ளத்தில் விழுந்ததில் இடது கால் முறிந்துவிட்டது. பனியில் வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இரண்டே விஷயம். எஞ்சின் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை. பிரேக் மட்டும் 'கிரீச்' என்று கத்தியது.

"அந்த நேரத்துல வில்பட்டியிலருந்து கேரட் லோடு ஏத்திக்கிட்டு மயில்சாமின்னு ஒரு ஜீப்காரர் மேல வந்திருக்கார். பச்சையா ஒரு வண்டி சத்தமில்லாம தன்னைத் தாண்டிக் கீழ போச்சுன்னு சொல்றார். தங்கமுத்துவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவர்தான். சத்தம் போடாத வண்டி, ஆனா பிரேக் கத்தும், பச்சைக் கலர். இந்த ஊர்ல இதுக்குப் பொருத்தமா எத்தனை வண்டி இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் ஞானவேல். "கிளி."

அந்தப் பெயர் ஊர் வைத்தது. காரின் சொந்தக்காரர் ராஜேஷ்குமாருக்குத் தாண்டிக்குடியில் காபி எஸ்டேட், வில்பட்டி ரோட்டின் மேல்முனையில் ஒரு காட்டேஜ். போன வருடம் வாங்கிய இந்தக் கார் ஏற்கெனவே புலிப் பாய்ச்சல் பாயும். அது போதாதென்று கோயம்புத்தூரில் கொடுத்து, ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்தி, வளைவில் சாயாமலிருக்கக் கனமான கம்பி போட்டு, அகல டயர் மாட்டி, பந்தயக் கார்களுக்குப் போடுகிற பிரேக் பேடுகளையும் பொருத்திக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஏழு ரோடு சந்திப்பில் அது நிற்கும்போதெல்லாம் ஏரியில் படகு விடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை நிறம், கீச்சுக் குரல். கிளி என்றாகிவிட்டது.

"அன்னிக்கு வெள்ளனே நான் காட்டேஜுக்குப் போனது நெசம்தான் மேடம்," என்றான் விக்னேஷ். "முதலாளி பெட்டியை எறக்கிவச்சிட்டு அப்படியே டவுனுக்குத் திரும்பிட்டேன். வில்பட்டிப் பக்கம் எறங்கவே இல்ல."

"பாத்த ஆளு யாராச்சும் உண்டா?" என்று கேட்டாள் மஹ்ஜபின்.

"பனிக்குள்ள யாரு மேடம் பாப்பா?"

"காருக்குள்ள கேமரா இருக்குமே?"

"அழகு கெடுதுன்னு முதலாளி கழட்டிட்டாரு."

"கார் கம்பெனிக்கு எழுதியிருக்கோம்," என்றார் வீரம்மாள். "வண்டி எங்கெங்க போச்சுன்னு அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குமாம். பதில் வர ரெண்டு வாரம். அதுவரைக்கும் மேலதிகாரிக்கு நான் என்ன சொல்றது?"

மஹ்ஜபின் பின்கதவைத் திறந்தாள்.

"ரெண்டு வாரம் வேண்டாம் மேடம். கிளி எப்பக் கத்தும்னு மொதல்ல தெரிஞ்சுக்குவோம். ஏறுங்க."

ஏழு ரோடு சந்திப்பில் ஒரு சுற்றுலா பஸ் குறுக்கே வந்தது. விக்னேஷ் மெதுவாக நிறுத்தினான்.

கிரீச்!

சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமலே, "கிளி வந்துருச்சு," என்றாள். கேமராவும் கையுமாக நின்ற ஒரு கல்லூரிப் பெண் காதைப் பொத்தினாள்.

"எப்படி மிதிச்ச விக்னேஷ்?" என்று கேட்டாள் மஹ்ஜபின்.

"மிதிக்கவே இல்ல மேடம். சும்மா தொட்டேன்."

"தொட்டதுக்கே இந்தக் கத்தலா?" என்றார் ஞானவேல். "புதுப் பொண்ணு மாதிரில்ல இருக்கு!"

"உங்க வீட்டுல நான் இதைச் சொல்லட்டுமாண்ணே?"

ஞானவேல் சட்டென்று ஜன்னல் வழியே இயற்கைக் காட்சிகளை ரசிக்க ஆரம்பித்தார்.

வில்பட்டி ரோடு இறங்கத் தொடங்கியது. குட்டையான ஸ்பிரிங்கின் தயவில் தார் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு சரளைக் கல்லையும் ஞானவேலின் முதுகு தனித்தனியாக விசாரித்தது. ஆனால் வளைவுகளில் கார் சாயவே இல்லை. தண்டவாளத்தில் போவது போல ஒட்டிக்கொண்டு போனது. விக்னேஷ் பிரேக்கைத் தொடாமலே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் வேகம் குறைந்ததை மஹ்ஜபின் கவனித்தாள்.

"கரண்டு வண்டியில அப்படித்தான் மேடம். காலை எடுத்தா மோட்டாரே இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குச் சோலியே கம்மி. கடைசியில நிக்கப் போறப்பத்தான் தொடுவேன்."

தங்கமுத்து விழுந்த இடம் ஒரு வலது வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, இன்னொரு பக்கம் கழுத்தளவு பள்ளம், அதற்கப்பால் படிப்படியாக இறங்கும் கேரட் வயல்கள். மஹ்ஜபின் இறங்கி, தன் கைக்குட்டையை ரோட்டோரக் கல்லில் கட்டினாள். பிறகு மறுபடி ஏறிக்கொண்டாள்.

"மேல போய்த் திரும்பி வா விக்னேஷ். நாப்பதுல வா. அந்தக் கைக்குட்டைதான் தங்கமுத்து அண்ணன். அவர் திடீர்னு கண்ணுல படுறார். அன்னிக்கு நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பியோ அதைச் செய்."

"அதுக்கு முன்னாடி நான் எறங்கிக்கிறனே," என்றார் ஞானவேல்.

"பெல்ட்டைப் போடுங்கண்ணே."

கார் இறக்கத்தில் சத்தமில்லாமல் வந்தது. கைக்குட்டை தெரிந்தது. விக்னேஷின் கால் பிரேக்கின் மேல் விழுந்தது.

ஒரு நொடிதான். கார் அப்படியே தரையைக் கவ்விப் பிடித்து நின்றது. வீரம்மாளின் தொப்பி முன்சீட்டுக்குப் போனது. ஞானவேலின் பொடி டப்பா எங்கே போனது என்று தெரியவில்லை.

மலை அமைதியாக இருந்தது.

"கத்தல!" என்றார் வீரம்மாள், தொப்பியைத் தேடியபடி.

"கத்தாது மேடம்," என்றான் விக்னேஷ். மூன்று நாளில் முதல் முறையாக அவன் குரலில் உயிர் வந்திருந்தது. "லேசா உரசுனாத்தான் அந்த பேடு அதிர்ந்து கீச்சுங்கும். அழுத்திப் பிடிச்சா அதிர எடமேது? அது பந்தய பேடு. கடிச்சா விடாது."

மஹ்ஜபின் இறங்கி, அவன் பிரேக் மிதித்த இடத்திலிருந்து கார் நின்ற இடம்வரை எட்டு வைத்து நடந்து அளந்தாள். பதினான்கு எட்டு. இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னாள். பதிமூன்று எட்டு. பதினைந்து. ஒரு தடவையும் சத்தமில்லை.

விக்னேஷின் போன் அடித்தது. ராஜேஷ்குமார். மஹ்ஜபின் வாங்கிப் பேசினாள்.

"மேடம், டெஸ்ட் பண்றீங்களாமே! அப்படி மிதிச்சா டயர் தேஞ்சிருமே? இறக்குமதி டயர் மேடம்!"

"சார், உங்க காரைக் காப்பாத்தச் சொல்லித்தானே என்கிட்ட வந்தீங்க?"

"ஆமா மேடம். என் கிளி அப்படிச் செய்யாது."

"உங்க டிரைவர்?"

"அவனும்தான் மேடம். அவன் தங்கமான பையன். நல்லா இருக்கானா?"

"ரெண்டாவதா கேட்டாலும் கேட்டீங்களே, சந்தோஷம்," என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீரம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் கத்தல. சரி. செவ்வாய்க்கிழமை இவன் லேசாத் தொட்டிருந்தா?"

"ஒரு ஆள் குறுக்க வர்றப்ப யார் மேடம் பிரேக்கை லேசாத் தொடுவா? உங்க சந்தேகமும் நியாயம்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட காது ஒண்ணுதான் இருக்கு. அதுகிட்டயே போய்க் கேப்போம். வாங்க, வெரசாப் போகலாம்."

அரசு ஆஸ்பத்திரியில் தங்கமுத்து தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ரோஜாச் செடிக்கு எப்போது உரம் வைப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மனைவி சுந்தராம்பாள் பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சத்தமாம்மா? நல்லா ஞாபகம் இருக்கு. எங்க ஹோட்டல் இரும்புக் கேட்டைத் திறக்குற மாதிரி இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் கேட்டுச்சுங்க? அப்படியே செஞ்சு காட்டுங்களேன்." மஹ்ஜபின் போனில் நேரம் பார்த்தாள்.

தங்கமுத்து மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கிரீஈஈஈஈஈஈஈஈ..."

வார்டின் கோடியிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார்.

"...ஈஈஈஈச்!" என்று முடித்துவிட்டுத்தான் தங்கமுத்து நர்ஸைப் பார்த்தார். "போலீஸ் விசாரணைம்மா. நானாக் கத்தல."

ஐந்து நொடி. மஹ்ஜபின் வீரம்மாளிடம் போனைக் காட்டினாள்.

"பதினாலு எட்டுல நிக்கிற வண்டி அஞ்சு நொடி கத்த முடியாது மேடம். அந்த வண்டி ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டே போயிருக்கு. பிரேக் இருந்துச்சு, ஆனா பிடிக்கல. ராஜேஷ்குமார் ஆசைப்பட்டு மாட்டின பேடு இந்தப் பையனைக் காப்பாத்திருச்சு."

விக்னேஷ் வார்டு வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்னங்க கேட்டுச்சு?" என்றாள் மஹ்ஜபின்.

"பள்ளத்துல கெடந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் கீழ்ப்பக்கம் ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிக்கிற சத்தம். ஒரு தடவை, ரெண்டு தடவை... மூணாவது தடவைதான் எடுத்துச்சு. அடப்பாவி, நம்மளை விட்டுட்டுப் போயிருவானோன்னு பயந்தேன். போகலையே! மயில்சாமி தம்பிதான் அது. அவசரத்துல வண்டியைத் திருப்பக்கூட நிக்காம ரிவர்ஸ்லயே வந்தாரும்மா, மகராசன். என்னைத் தூக்கிப் பின்னாடி காலிச் சாக்கை மெத்தை மாதிரி விரிச்சுப் படுக்க வச்சாரு. வழி பூரா 'உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே'ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினாரு."

"இன்னிக்கு மூணரைக்கு மார்க்கெட்டுல அந்தத் தம்பிக்கு விழாங்க," என்றார் சுந்தராம்பாள். "ஜீப் டிரைவருங்க சேந்து நடத்துறாங்க. என்னையத்தான் பொன்னாடை போர்த்தச் சொல்லிருக்காங்க."

மஹ்ஜபின் நோட்டை மூடினாள். அவள் எழுதுவதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஞானவேல் தன் கருத்தை வெளியிட்டார்.

"அப்ப ஊருக்குள்ள இன்னொரு கரண்டு வண்டி சுத்துது மேடம். பிரேக் சரியில்லாத கரண்டு வண்டி. எங்க தேடுவோம்?"

"ஏண்ணே, எஞ்சின் சத்தமில்லாம எறங்குறது கரண்டு வண்டி மட்டும்தானா?"

"பின்ன? டீசல் வண்டி எப்படிச் சத்தமில்லாம..." ஞானவேல் பாதியில் நிறுத்தினார். காதோரம் சொறிந்தார். இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார் வீரம்மாள்.

"நான் விட்டு வருஷமாச்சுங்க மேடம். சத்தியமா. அந்த வில்பட்டி எறக்கத்துக்கு எங்க ஆளுங்க மத்தியில ஓசி எறக்கம்னு பேரு. காலி வண்டியா இருந்தா எஞ்சினை அணைச்சு, கியரை நியூட்ரல்ல போட்டு, அப்படியே உருட்டிக்கிட்டுப் போயிருவோம். டீசல் மிச்சம். சத்தமே வராது, காத்து சத்தம் மட்டும்தான்."

"பிரேக்?"

"அங்கதான் மேடம் வில்லங்கம். எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்குக்குப் பலம். அணைச்சுட்டா ரெண்டு மிதிக்கு மேல பெடல் கல்லு மாதிரி ஆயிரும். மேல ஏறி நின்னாலும் வண்டி இழுத்துக்கிட்டேதான் போகும். தேஞ்ச பிரேக்கா இருந்தா நல்லா நீளமாக் கத்தும்..."

அவர் குரல் தேய்ந்தது. சொல்லிக்கொண்டே வந்தது எங்கே போய் முடிகிறது என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"உருட்டிட்டு வந்த வண்டி நின்ன பிறகு, மறுபடி போகணும்னா என்ன செய்யணும்ணே?"

"செல்ஃப்... செல்ஃப் அடிக்கணும்," என்றார் ஞானவேல் மெதுவாக. அவர் முகத்தில் வேடிக்கை துளியும் இல்லை.

வீரம்மாள் கோப்பைப் பிரித்து மயில்சாமியின் வாக்குமூலத்தைத் தேடினார்.

"வில்பட்டியிலருந்து மேல ஏறிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கார்."

"ஏறிக்கிட்டிருக்கிற ஜீப்போட இரைச்சல் அரை மைலுக்குக் கேக்கும் மேடம். தங்கமுத்துக்குக் கேக்கல. ஏறுற வண்டியை எதுக்கு ஸ்டார்ட் பண்ணணும்? கீழயிருந்து மேல வர்ற வண்டி எதுக்கு ரிவர்ஸ்ல வரணும்? மூக்கு கீழ்ப்பக்கம் பாத்து நின்ன வண்டிதான் அப்படி வரும். அப்புறம், கேரட் லோடுன்னு மயில்சாமி சொன்னார். அந்த மனுசன் படுத்து வந்தது காலிச் சாக்கு மேல. தங்கமுத்து மூணையும் நன்றியோட சொல்றார். அவருக்கே தெரியாது, என்ன சொல்றார்னு."

காய்கறி மார்க்கெட்டின் முற்றத்தில் லாரியின் தட்டைப் பலகையை மேடையாக்கியிருந்தார்கள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு மேலே ஒரு பேனர். மயில்சாமியின் படம், அதன் கீழே 'மனிதநேயச் செம்மல்'. படத்தில் இருந்தவன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். நிஜத்தில் இருந்தவன் தன் ஜீப்புக்குப் பின்னால் தனியாக நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

வீரம்மாளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மஹ்ஜபின் அவனிடம் போனாள்.

"வாழ்த்துக்கள் மயில்சாமி."

"நன்றிங்க."

"செவ்வாய்க்கிழமை எத்தனை மூட்டை கேரட் ஏத்திட்டு வந்தீங்க?"

"இருபது மூட்டைங்க."

"தங்கமுத்து அண்ணனை எங்க படுக்க வச்சீங்க? அந்த இருபது மூட்டை மேலயா?"

துணி கண்ணாடியில் அப்படியே நின்றது.

"இந்த வண்டிக்கு செல்ஃப் மூணு தடவை அடிச்சாத்தான் எடுக்குமா?"

மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். விசில் பறந்தது. இரண்டு டிரைவர்கள் வந்து அவன் தோளில் கை போட்டு மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் ஒரு முறை திரும்பி மஹ்ஜபினைப் பார்த்தான்.

"விட்டுட்டீங்களே மேடம்!" ஞானவேல் பதறினார். "பின்பக்கமா ஓடிட்டா?"

"ஓடுற ஆளா இருந்தா செவ்வாய்க்கிழமையே ஓடியிருப்பார்ணே."

மேடையில் சுந்தராம்பாள் பொன்னாடையைப் பிரித்தார். "எங்க வீட்டு ஆளை உசுரோட திருப்பிக் குடுத்த தம்பி," என்று மைக்கில் சொன்னார். பொன்னாடையைத் தூக்கினார்.

மயில்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாங்கக்கா."

"கூச்சப்படாத தம்பி."

"வேண்டாங்கக்கா. நான்தான் இடிச்சேன்."

மைக் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள், வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்து. பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது.

"மார்க்கெட்டுல எறக்கிட்டுக் காலி வண்டியா வந்தேன். எஞ்சினை அணைச்சுட்டு உருட்டிக்கிட்டு வந்தேன். வளைவுல அண்ணன் தெரிஞ்சாரு. பிரேக்கு மேல ஏறி நின்னேன்க்கா, நிக்கவே இல்ல. தள்ளிப் போய்த்தான் நின்னுச்சு. ஸ்டார்ட் பண்ணது... ஓடிப்போகத்தான். மூணாவது தடவை எடுத்துச்சு. அப்ப 'அம்மா'ன்னு ஒரு சத்தம். முடியலக்கா. ரிவர்ஸ் போட்டுட்டேன்."

அவன் கைகளால் முகத்தைத் துடைத்தான்.

"வழியில அண்ணனாத்தான் கேட்டாரு, சத்தமே இல்லாம வந்துச்சே, அந்தக் கரண்டு வண்டியாய்யான்னு. ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு ஆமா. அதுக்கப்புறம் போலீஸ்ல கேட்டாங்க, பேப்பர்ல எழுதினாங்க, பேனர் வச்சாங்க. எங்க நிறுத்துறதுன்னு தெரியல."

வீரம்மாள் மேடையை நோக்கி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. சுந்தராம்பாள் பொன்னாடையை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மயில்சாமியை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணேன்னு வழி பூரா சொல்லிக்கிட்டு வந்தியாமே. அதுவாச்சும் நெசமா?"

"நெசங்கக்கா."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வா. அந்த மனுசன் மூணு நாளா வார்டு பூரா உன் பேரைத்தான் சொல்லிட்டுக் கெடக்காரு. இதை அவரு வேற ஆள் வாயால கேக்கக் கூடாது." பிறகு வீரம்மாளின் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் நீங்க கூட்டிட்டுப் போங்கம்மா. நான் குறுக்க வர மாட்டேன்."

வீரம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்," என்றார். "ஆனா கேஸ் கேஸ்தான்."

வார்டில் மயில்சாமி கட்டிலின் கால்மாட்டில் நின்று முழுவதையும் இன்னொரு முறை சொன்னான். இந்தத் தடவை மைக் இல்லை. குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூட எட்டவில்லை. சுந்தராம்பாள் பிளாஸ்க் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக நின்றார்.

தங்கமுத்து கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும் மெல்லத் தலையைத் திருப்பி, மயில்சாமியைத் தாண்டி, வாசல் நிலையில் ஒட்டிக்கொண்டு நின்ற விக்னேஷைப் பார்த்தார்.

"அங்க நிக்கிறது யாரு? அந்தக் கார் டிரைவரா?"

"ஆமாங்க," என்றாள் மஹ்ஜபின்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே..." என்று மயில்சாமி கட்டிலை நோக்கிக் குனிந்தான்.

தங்கமுத்து கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

"ஏலே, இரு. அந்தப் பையன் மூணு நாளா சோறு தண்ணி இல்லாம அலைஞ்சிருக்கான், மூஞ்சியைப் பாரு. மொதல்ல போய் அவன்கிட்டக் கேளு. என்கிட்ட அப்புறம் கேக்கலாம்." அவர் தன் மாவுக்கட்டைக் காட்டினார். "நான் எங்க ஓடிரப் போறேன்?"

மயில்சாமி திரும்பி வாசலை நோக்கி நடந்தான்.